மணிக்கட்டால் கண்ணைத் துடைப்பவள்

இன்று பிளவுஸ் வாங்க ஆம்பூர் பஜாரில் தையற்கடைக்குப் போனேன். கடை டிவியில் செல்வியின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது.

சீரியலில் அவளுக்கு இப்போது வேறு பெயர். ஷூ கம்பெனியில் மூன்று வருடம் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தோலை ஒட்டும் சொல்யூஷன் தடவியவள். லீவு போட்டு மெட்ராஸ் போனாள், திரும்பவில்லை.

"அழும்போது விரலால தொடாம மணிக்கட்டால கண்ணைத் துடைக்கிறீங்களே, அந்த ஸ்டைல் எப்படி வந்தது?" என்று கேட்டார்கள்.

"டைரக்டர் சார் சொல்லிக் கொடுத்தாரு," என்றாள்.

சொல்யூஷன் விரலோடு கண்ணைத் தொட்டால் நாள் பூரா எரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே தொட்டுவிட்டு அலறினாள். "விரல் வெக்காதடி, மணிக்கட்டால துடை" என்று சொன்னது நான்.

"இன்னாம்மா, உனக்கு இவளைத் தெரியுமா?" என்றார் தையற்கார அக்கா.

"தெரியாதுக்கா."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். அக்கா சிரித்தார். "அவளை மாதிரியே துடைக்கிறியே! சீரியல் ஜாஸ்தி பாக்காத."

அந்த டைரக்டரை யாருக்காவது தெரியுமா? அவர் எந்தக் கம்பெனியில் சொல்யூஷன் தடவினார் என்று கேட்க வேண்டும்.