இரண்டு தகடுகள்

எஸ்பன்யோலா ஊரில் ரோசால்வா ஆர்ச்சுலேட்டாவுக்குக் காரைப் பற்றி எவனும் பாடம் நடத்த முடியாது. தரையை உரசுகிற மாதிரி தாழ்த்திக் கட்டிய அவளுடைய பழைய செவ்ரலேயின் பின்கண்ணாடியில், கார் கிளப்பின் பெயர் வெட்டிய தகடு இருபத்திரண்டு வருடமாக நின்றது. கல்யாணம்கூட அவ்வளவு நாள் நிற்கவில்லை. கிளப்பில் சட்டம் ஒன்றுதான்: புதிதாக வருகிறவருக்கு உள்ளிருப்பவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வந்தவர் துரோகம் செய்தால் இருவர் தகடும் போகும்.

புதிதாக வந்த விவியனுக்கு ரோசால்வாதான் பொறுப்பேற்றாள். எந்தப் பேய் பிடித்ததோ! எட்டு மாதம் அந்தப் பெண் துரு தேய்த்தாள், புருவத்தை மழித்து கிளப் பெண்களைப் போலவே மெல்லிசாக வரைந்துகொண்டாள், ரோசால்வா வீட்டுப் பச்சை மிளகாய்க் குழம்பை வழித்து வழித்துத் தின்றாள். ஞாயிறுதோறும் காமிராவை நீட்டி, "அக்கா, நம்ம ஆளுங்களோட என்னை ஒண்ணு எடுங்களேன்" என்பாள். இவளும் எடுத்தாள்.

தகடு கைக்கு வந்த வாரமே ஆள் மாயம். மூன்று மாதம் கழித்து சான்டா ஃபே நகரத்தில் அவளுடைய புகைப்படக் கண்காட்சி என்று கிளப் தலைவர் எலோய்க்குச் செய்தி வந்தது. ரோசால்வா நேரே போய் நின்றாள்.

சுவரில் வரிசையாகப் படங்கள்: விவியன் குதிரைக்காரிகளோடு, விவியன் மோட்டார் சைக்கிள் கும்பலோடு, விவியன் இவர்களோடு. கடைசிப் படத்தின் கீழே 'வேடம் மூன்று' என்று எழுதி, பக்கத்தில் கிளப் தகட்டை ஆணியடித்திருந்தார்கள். விவியன் இப்போது மொட்டைத் தலை. அடுத்த கூட்டத்தோடு சேரத் தயார்.

"ஏண்டி, நாங்க உனக்கு மூணாம் நம்பர் வேஷமா?"

"கோவிக்காதீங்க அக்கா. நான் யாருன்னு தேடுறேன். உங்ககூட இருந்தப்ப நெஜமாவே உங்கள்ல ஒருத்திதான்."

"உன்னைத் தேடிக்க எங்க வீட்டு அடுப்படிதான் கெடைச்சுதா?"

"இதெல்லாம் எடுத்ததே நீங்கதானே? சிரிச்சுக்கிட்டேதானே எடுத்தீங்க?"

சுருக்கென்றது. ரோசால்வா தகட்டைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். விவியன் பக்கத்தில் நின்றவரிடம் காமிராவைத் திணித்தாள். "எடுங்க, எடுங்க! இவங்களோட என்னையும் சேர்த்து!"

கிளப் கொட்டகையில் எலோய் தகட்டை வாங்கிக்கொண்டார். "அதான் திரும்பி வந்துருச்சே. உன்னோடதை விடு, நான் பேசிக்கிறேன்."

"உப்பைத் தின்னவ தண்ணி குடிக்கணும், எலோய்." அவளே பின்கண்ணாடித் திருகாணியைக் கழற்றித் தன் தகட்டையும் மேசைமேல் எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போடும் இடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் செவ்ரலேயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அம்சமா இருக்கே! நீங்க எந்தக் கிளப்பும்மா?"

ரோசால்வா தகடில்லாத பின்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.