மண் பூசிய மரங்கள்

அமாவாசையன்று தறிக்கு விடுமுறை. அன்றைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து தாமலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய காப்புக்காடு. மழைத் தண்ணீரை அந்தக் காடு பிடித்து வைப்பதால்தான் அக்காவின் கிணறு கோடையிலும் வற்றுவதில்லை. போன வருடம் பார்த்தபோது, பாதையோரத்து வேப்பமரங்கள் மட்டும் காய்ந்து நின்றன.

"ஏதோ நோவுன்னு பேசிக்கினு இருக்காங்கப்பா. வெட்டப் போறாங்களாம்," என்றாள் அக்கா.

நோய் பாதையைப் பார்த்தா வரும்? எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு மரத்தடியில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டினேன். உள்ளே, மரம் மெல்லக் காய்ந்து சாகும்படி சுற்றிலும் பட்டையை உரித்திருந்தார்கள்; அது தெரியாமலிருக்கத்தான் மண். பச்சையாக நின்ற பக்கத்து மரங்களிலும் அதே மண் பூச்சு.

புகார் கொடுத்தோம். வனக்காவலர் ஒருவர் வந்தார். நாங்கள் காட்டிய மரங்களைப் பார்த்துவிட்டு, காட்டுக்குள் நடந்து, நாங்கள் பார்த்தேயிராத ஒரு மரத்தடியில் மண்ணைத் தட்டினார். அங்கும் பட்டை இல்லை.

"இது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாங்களும் பாத்துக்கினுதானே இருக்கோம்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மரங்களை வெட்டும் பேச்சு நின்றது. பட்டை உரிந்த மரங்கள் பட்டுப்போயின, மற்றவை தப்பித்தன. யார் செய்தது என்று இன்னும் தெரியவில்லை. அக்கா இப்போது வாரந்தோறும் மரத்தடிகளைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்கிறாள். அந்தக் காவலர் அவளைக் கண்டால் வேறு வழியில் திரும்பிவிடுகிறாராம்.