தயாளன் எடுக்காத எம்.சி.

தயாளன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் விமான நிறுவனத்தை மூடி இரண்டு வருடமாகிவிட்டது. பழைய ஊழியர்களின் குழு மட்டும் இன்னும் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தும் வேலை விளம்பரமும் வரும் அந்தக் குழுவில், ஒரு திங்கட்கிழமை காலை, "கேப்டன் தயாளன் மாரடைப்பால் காலமானார்" என்று யாரோ போட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எல்லாரும் கேப்டன் என்றே எழுதினார்கள். பதினோரு வருடம் அவரைத் துணை விமானியாகவே உட்கார வைத்திருந்த எங்கள் மேலாளரும் அப்படித்தான் எழுதினார். செத்த பிறகு பதவி உயர்வு கொடுப்பதில் ஒரு வசதி, சம்பளம் ஏற்ற வேண்டியதில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். பாயான் லெப்பாஸில், விமான நிலையத்தின் பின்பக்க அலுவலகத்தில், விமானிகளுக்குப் பணிப்பட்டியல் போட்ட கலா நான். யார் எந்த விமானத்தில் ஏற வேண்டும், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்பதெல்லாம் என் கணினியில்தான் இருந்தது. விமானி என்றதும் பெட்டியை இழுத்துக்கொண்டு பெரிய ஹோட்டலுக்குள் நுழைபவரை நினைக்கிறவர்கள் எங்கள் ஆட்களைப் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தவை நான்கு சிறிய புரொப்பெல்லர் விமானங்கள். அதிலும் ஒன்று எப்போதும் பழுதாகிக் கொட்டகையில் நிற்கும். ஒரு விமானி பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டால், அவர் வேலை மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும். லங்காவி, கோத்தா பாரு என்று ஒரே நாளில் ஆறு முறை ஏறி இறங்குவார்கள். நடுவில் கிடைக்கும் இருபத்தைந்து நிமிடத்தில் சாப்பிடுவதா, கழிப்பறைக்குப் போவதா என்று அவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஓய்வு நாளில் கூப்பிட்டுக் கெடுக்கும் வேலையும் என்னுடையது. ஒரு ஞாயிறு மதியம் தயாளனை அழைத்தேன். சூலியா தெருவில் மகளோடு நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நின்றிருந்தார். "இன்னிக்கு யாரு வரலக்கா?" என்றார், எடுத்த எடுப்பில். சொன்னேன். "சரி, மகள வீட்டுல விட்டுட்டு வரேன். சாப்பாட்ட பொங்குஸ் பண்ணிக்கிறேன்." வந்தவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு நேரமில்ல, நீங்களே சாப்பிடுங்க. கெடுத்ததும் நீங்கதானே" என்று சிரித்துக்கொண்டே விமானத்துக்குப் போனார். நான் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

கூப்பிட்டால் வருகிற மனிதர், முடியாதபோது முடியாது என்று சொல்லவும் தெரிந்தவர். ஒருநாள் ஆறு பயணம் முடித்து வந்தவரிடம் ஏழாவதாக ஒன்று கேட்டோம். அவர் அலுவலகத்துக்குள் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முடியாதுக்கா. இறங்குறப்ப ரேடியோவுல என்ன சொன்னாங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். டயர்டா இருக்கேன். டயர்டுன்னே எழுதுங்க" என்றார். மற்றவர்கள் இப்படிச் சொல்வதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உட்காருவார்கள். பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு தயாளனுக்கு மட்டும் இருந்தது.

நான் டயர்டு என்று எழுதவில்லை. களைப்பு என்று பதிந்தால் அதற்கு ஓர் அறிக்கை போட வேண்டும், அதிகாரிகள் தணிக்கைக்கு வரும்போது பட்டியலைத் தோண்டுவார்கள். மேலாளர் எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். "எம்.சி.ன்னு போடுலா. உடம்பு சரியில்லன்னா யாரு கேக்கப் போறா?" டாக்டரைப் பார்க்காமலே கிடைக்கும் மருத்துவ விடுப்பு எங்கள் அலுவலகத்தில் மட்டும்தான் உண்டு. அவருக்கும் தொல்லை இல்லை, நமக்கும் தொல்லை இல்லை என்று நினைத்துத்தான் எம்.சி. என்று தட்டினேன். உதவி செய்வதாகவே நினைத்தேன். மூன்று வருடத்தில் அப்படி ஒன்பது முறை தட்டியிருக்கிறேன்.

கேப்டன் பதவிக்கான நேர்காணலில் அந்த ஒன்பதும் அவர் முன்னால் வந்து நின்றன. அடிக்கடி நோய்வாய்ப்படுகிறவர், நம்பிப் பொறுப்புக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் அதே மேலாளர். நேராக என்னிடம்தான் வந்தார் தயாளன். "அக்கா, நான் இவ்வளவு பெரிய நோயாளியா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த வருடம் ஒரு பெரிய நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்து, விடுப்புப் பதிவைக் கேட்டது. மறுபடியும் என்னிடம் வந்தார். "அந்த ஒம்பது நாளும் உடம்புக்கு ஒண்ணுமில்ல, டயர்டுன்னுதான் சொன்னாருன்னு ஒரு லெட்டர் குடுங்கக்கா. அது போதும்." நிறுவனத் தாளும் முத்திரையும் என் இழுப்பறையில் இருந்தன. கையெழுத்துப் போடும் அதிகாரமும் எனக்கு இருந்தது. "பார்க்கலாம் தம்பி" என்றேன். கொடுத்தால் என் வேலை போகும் என்று பயம். மகன் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. நான் காப்பாற்றிக்கொண்ட வேலையும் எட்டு மாதத்தில் போனது, ஒரு மின்னஞ்சலில், எல்லாருக்கும் சேர்த்து.

விமானி உரிமம் சும்மா பெட்டியில் வைத்திருந்தால் செல்லாது. குறித்த காலத்தில் சிமுலேட்டரில் ஏறித் தேர்வு கொடுக்க வேண்டும், நிறுவனம் இல்லாதவர் அதைச் சொந்தக் காசில் கொடுக்க வேண்டும். தயாளனின் உரிமம் காலாவதியானது. வாடகைக் காடி ஓட்டினார். விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போவதுண்டா என்று ஒருமுறை கேட்டேன். "போவேன்க்கா. இறக்கிவிட்டுட்டு மேல பார்க்காம வந்துருவேன்" என்றார். நாற்பத்து மூன்று வயதில் அந்தக் காடியின் இருக்கையிலேயே நெஞ்சு வலித்து இறந்துபோனார்.

ஜெலுத்தோங்கில் அவர் வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மேலாளர் மாலையோடு வந்திருந்தார். "பாவம்லா. அவருக்கு முன்னாடியே உடம்பு சரியில்ல. ரெக்கார்டுல எல்லாம் இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தயாளனின் மனைவி விமலாவும் கேட்டார். என்னை உள்ளே கூட்டிப்போய், "அவருக்கு என்ன நோயிக்கா? எங்கிட்ட ஏன் மறைச்சாரு?" என்றார். அப்போதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

பதினாறாம் நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விமலா அழவில்லை, திட்டவில்லை. "எனக்குச் சொன்னது போதாதுக்கா. அன்னிக்கு அந்தாளு சொன்னத எல்லாரும் கேட்டாங்க. அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன். துணை விமானி தயாளன் எங்களிடம் வேலை செய்த பதினோரு வருடத்தில் நோய் என்று ஒருநாளும் விடுப்புக் கேட்டதில்லை. ஒன்பது முறை, களைப்பில் ஓட்டினால் ஆபத்து என்று வாய்விட்டுச் சொன்னார். ஒன்பது முறையும் நோய் என்று பொய்யாகப் பதிந்தவள் நான். மனைவியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை, மறைக்க எதுவும் இருக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. அந்தப் பதினாறாம் நாள் நான் கிளம்பும்போது விமலா சொன்னது. கடிதத்துக்காகக் காத்திருந்த இரண்டு வாரத்தில், எங்கள் அலுவலகத்திலேயே வேறொரு அதிகாரி தானே எழுதித் தருவதாகச் சொன்னாராம். தயாளன் வேண்டாம் என்றுவிட்டாராம். "கலாக்கா பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. அவங்களத் தாண்டிப் போனா நல்லாருக்காது" என்றாராம். அந்த நம்பிக்கை இப்போது என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.