எட்டாவது வீடு

வேப்பெண்ணெய் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு முழங்கால் வலிக்கும். நரிக்குடிப் பக்கத்து எங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டைக் கறையான் அரிக்காமலிருக்க வருஷாவருஷம் அந்த எண்ணெயைத்தான் பூசுவார்கள். அறுபதுகளின் கடைசியில், மழை பொய்த்த ஒரு வருஷத்தில், ஒன்பது வயதில் நான் அதன் முன்னே முதன்முதலாக முழங்காலிட்டேன்.

ஊருணி வற்றிப்போய், பள்ளிக்கூடம் முழுக்கவும் ஒரே ஒரு பானைத் தண்ணீர்தான். அந்த வாரம் அதை நிரப்பிக் காவல் காக்கும் முறை என் கூட்டாளி ராசாத்திக்கு. திருட்டுத்தனமாக இரண்டாவது தம்ளர் மொள்ளப்போய்ப் பானையை உடைத்தவள் நான். பழி விழுந்தது அவள்மேல். வாத்தியார் அடித்தார். அவள் அய்யாவோ "படிச்சுக் கிழிச்சது போதும், ஆட்டப் பத்து" என்று படிப்பையே நிறுத்தி, ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மாசம் ஒருமுறை அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் சாமியாரிடம், முதல் நற்கருணையான 'புதுநன்மை' வாங்குவதற்கு முந்தின நாள், இதைச் சொல்லி அழுதேன். மூன்று 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லச் சொன்னார். பிறகு, "அந்தப் பிள்ளைகிட்டயும் போய்ச் சொல்லிரு தாயி" என்றார்.

புதுநன்மைக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் காலில் விழுந்து, 'அறிஞ்சும் அறியாமலும் செஞ்சத மன்னிச்சுக்கங்க' என்று கேட்பது எங்கள் வழக்கம். எங்களுக்கு ஞானப்பாடம் சொல்லித்தரும் உபதேசியார், ஊரில் வேதக்காரர்களான கிறிஸ்தவர் வீடுகள் ஏழுக்கும் எங்களைக் கூட்டிப்போனார். நான் ஒரு தப்பும் செய்திராத வீடுகளிலெல்லாம் விழுந்து எழுந்தேன். ராசாத்தி வீடு கருப்பசாமி கும்பிடுகிற வீடு. அங்கே போகிற வழக்கமில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. "ஏழு வீட்டுலயும் விழுந்துட்டேல்ல, இனி நீ சம்மனசுதான்" என்றாள் அம்மா, தேவதூதரைப்போலச் சுத்தமாகிவிட்டேனாம்.

அதற்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பாதையில், கருவேலங்காட்டு ஓரம், ஆடுகளோடு ராசாத்தி நிற்பாள். "இன்னைக்கு என்ன பாடம்டி?" என்று கேட்பாள். சொல்லிவிட்டு ஓடிவருவேன். கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகும் கனவில் அதே கேள்விதான். எத்தனையோ சாமியார்களிடம் அந்தப் பாவத்தைச் சொன்னேன். மன்னித்த பாவத்தை எதற்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள் என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

போன வருஷம்தான் துணிந்து ஊருக்குப் போனேன். கூண்டு இல்லை, கடைசியில் கறையானே ஜெயித்துவிட்டது, பள்ளிக்கூடமும் பூட்டிக்கிடக்கிறது. ராசாத்தி இருந்தாள், பேரன் பேத்திகளோடு. பானையை உடைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன். நான் சொன்னா யாரு நம்புவா? நீயா வந்து சொல்லுவேன்னுதான் தெனமும் பாதையில நின்னேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை.