வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசிய வருடம்

போன வாரம் சுபாங் ஜெயாவில், பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை வனிதாவின் மகன் அர்வினுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. குட்டி நாற்காலிகள், ரப்பர் விரிப்பு, அறை முழுக்க மெழுகுக் கலர் பென்சில் வாசனை. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "வீட்டுல எந்த மொழி நல்லா வருதோ அதுலயே பேசுங்க சிஸ். தமிழ், மலாய், எல்லாம் கலந்து ரோஜாக் சாலட் மாதிரி இருந்தாலும் பரவால்ல லா. நெறைய பேசுங்க, அது போதும்" என்றார். நானும் வனிதாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அந்தப் பெண் விழித்தார். பாவம், அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்களிடமென்றால் சொல்லலாம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. பக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் எனக்கு உடம்பு பரபரக்கும். லிஃப்டில் முன்பின் தெரியாதவரிடம்கூட மழை வருமா என்று கேட்டுவிடுவேன். நீ இருக்கும்போது காரில் ரேடியோ எதற்கு என்பார் என் கணவர். இதெல்லாம் வனிதாவிடமிருந்து வந்த வியாதி என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், கீழே பூக்கடை வாசனை. அப்பா கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் லோரி ஓட்டினார். அவர் வீட்டுக்குள் வந்தால் டீசல் வாசனை முதலில் வரும், அதன் பின்னால் கதை வரும். பந்திங் ரோட்டில் நடுவே படுத்துக்கொண்டு எழ மறுத்த மாடு, காஜாங்கில் லோரியை எங்கேயும் நிறுத்த விடாத இறைச்சி சுட்டு விற்கும் சாத்தே கடைக்காரர். சாப்பிட உட்கார்ந்தால் எழ மாட்டார். அம்மா தட்டை எடுத்தபிறகும் கை காயக் காயப் பேசுவார்.

வனிதாவுக்கு நாலு வயது. ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் ரயில் பாதைக்கு மேலே வானம் கறுத்தால் துணிக்கூடையை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவாள். அப்பா சட்டைப் பட்டனைப் போட ஆரம்பித்தால் லோரிச் சாவியை எங்கிருந்தாவது தேடி எடுத்து வந்து வாசலில் நிற்பாள்.

கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கேயும் இதே மெழுகு வாசனைதான். அங்கே வேலை பார்த்த ஓர் அம்மா, படம் போட்ட அட்டைகளைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். ஓர் அட்டையில் தொப்பி போட்ட வெள்ளை பொம்மை. அது பனியில் செய்த மனிதன் என்பது எனக்கே தெரியாது, நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வனிதா அட்டையை வாங்கித் திருப்பிப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அந்த அம்மா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"பிள்ளை கொஞ்சம் ஸ்லோ. மூணு மொழி காதுல விழுந்தா குழம்பிடும். இனிமே வீட்டுல ஒரே மொழி. ஸ்கூலுக்கு உதவும், இங்கிலீஷா இருக்கட்டும். இப்படியே விட்டா சாதாரண ஸ்கூல்ல எடுக்க மாட்டாங்க" என்றார் அந்த அம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அந்த 'ஸ்லோ' என்கிற வார்த்தையை மட்டும் இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அன்று சாயங்காலமே சட்டம் அமலுக்கு வந்தது.

அப்பாவின் இங்கிலீஷ் முழுக்க லோரி இங்கிலீஷ். ரைட், ஸ்டாப், நோ பிராப்ளம் போஸ், லோரியைப் பின்னால் எடுக்க கோஸ்தான், அவ்வளவுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துறைமுக கேட்டில் நிற்கும் ஆபீசரிடம் சொல்வதுபோல வனிதாவிடம் "குட் ஈவினிங்" என்றார். சாப்பிடும்போது வெகு நேரம் யோசித்து, "டுடே ரெயின்" என்றார். பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தையிடமும் மலாய் வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். அவர் பலகாரத் தட்டோடு வந்து, வனிதாவுக்குக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியிடம் தமிழில் பேசினேன். சிரிக்காதீர்கள், வாளி நன்றாகக் கேட்கும்.

இங்கிலீஷில் எங்கள் வீட்டில் சோறு சாப்பிடலாம், குளிக்கலாம், தூங்கலாம். சண்டை போட முடியவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் "யூ... யூ..." என்று நின்றுவிடும். அதனால் அம்மாவும் அப்பாவும் கிரில் கதவைச் சாத்திவிட்டு, வெளியே படிக்கட்டில் நின்று தமிழில் சண்டை போட்டு முடித்துவிட்டு உள்ளே வருவார்கள். வனிதா கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஸ்லோவான பிள்ளைதானே, அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று யாரும் அவளை நகர்த்தவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் இப்படிப் போனது. ஸ்கூலுக்குப் பெயர் கொடுக்கிற நாள் நெருங்க நெருங்க அம்மா இளைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் வரவேண்டிய அப்பா அப்போதுதான் வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "வை யூ... வை சோ..." என்று தொடங்கி வார்த்தை கிடைக்காமல் உதட்டைக் கடித்தார். மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த வனிதா வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"பேசாம அந்த லோரியிலயே படுத்துக்குங்க. வீட்டுக்கு எதுக்கு வரீங்க?"

அம்மாவின் குரல், அம்மாவின் இழுப்பு, கடைசியில் அம்மா விடும் பெருமூச்சு உட்பட. கிரில் கம்பி வழியாகக் கேட்டதில் ஒரு எழுத்து குறையவில்லை.

அப்பா அவள் முன்னால் மண்டியிட்டு, தமிழிலேயே, "இன்னொரு தரம் சொல்லுமா" என்றார். அவள் சொல்லவில்லை, சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார், நடுவே சிரித்தார். அதற்குப் பிறகு அடைமழைதான். அப்பாவிடம் தமிழ், மக்சிக்கிடம் மலாய், டிவியிடம் இங்கிலீஷ். எந்த மொழியை யாரிடம் பேசவேண்டும் என்பதில் அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை. மற்ற பிள்ளைகள் போகும் ஸ்கூலுக்கே போனாள்.

பின்னால் நான் பாலர் பள்ளி ஆசிரியை ஆனபோது பயிற்சியில் சொன்னார்கள்: பேச்சு வருவதற்கு வெகு முன்னாலேயே பிள்ளைக்குப் புரியத் தொடங்கிவிடும், பல மொழி கேட்பதால் யாரும் மந்தமாவதில்லை. நான் குறிப்பெடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

அப்பாதான் முழுசாகத் திரும்பவில்லை. "இப்பதான் தமிழ்ல பேசலாமே, பேசுங்களேன்" என்பார் அம்மா. "என்னத்தப் பேசுறது" என்பார் அவர். காலமான பிறகும் அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள், அமைதியான மனுஷன் என்றுதான் சொல்கிறார்கள்.

சுபாங்கிலிருந்து திரும்பும்போது நல்ல ஜாம். அர்வின் பின்சீட்டில் தூங்கிவிட்டான். பேசாமல் இருந்த அந்த நாட்கள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று வனிதாவிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.

"ஒண்ணுதான் அக்கா. அப்ப எல்லாரும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. தண்ணி வேணுமா, தூக்கம் வருதா, பயந்துட்டாளான்னு. பேச ஆரம்பிச்சப்புறம் யாரும் அப்படிப் பாக்கல."

குறையாகச் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

உண்மைதான். அவள் பேசிய வாரமே நாங்கள் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அந்த அடுக்குமாடியை இடித்து உயரமாக வேறென்னவோ கட்டிவிட்டார்கள். அவளுடைய புருவம் எப்படி ஏறினால் பசி, உதடு எப்படி மடிந்தால் பயம் என்பதெல்லாம் அந்த வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் அத்துபடி. ஜாமில் நின்றபடி அவள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுகூடப் படிக்க வரவில்லை.