இரண்டரைக் கோடு

போன செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குத்தான் எல்லாம் கோணத் தொடங்கியது. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் மகளின் செய்தி: "அம்மா, எக்ஸ்டென்ஷன் கேட்டிருந்தேன். கெடச்சிடுச்சு. இப்போ ரெண்டு வருஷம். அப்புறம் இன்னொரு ரெண்டு கேக்கலாம்." வேலைக்காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டது கடற்படையிடம். பெற்றவளுக்குத் தகவல் மட்டும். அப்பளம் கரிக்கட்டை ஆனது.

அவள் கடற்படையில் அதிகாரி. குறுகிய காலப் பணி என்றுதான் எடுத்தார்கள். குறுகிய காலம் என்றால் பத்து வருடமாம். அப்படிப் பெயர் வைத்தவருக்குப் பிள்ளை குட்டி இருந்திருக்காது. நானும் அன்றைக்குப் பூரிப்பில், "பத்து வருஷம்தானே!" என்று எங்கள் அஸ்தினாபுரம் பேட்டையில் ஒரு வீடு விடாமல் சொல்லிவந்தேன். இந்த டிசம்பரோடு பத்து முடிகிறது. அவள் வந்துவிடுவாள் என்று மாடியில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லி, சுவருக்கு அவளுக்குப் பிடித்த நீலம்கூட அடித்தாயிற்று.

கரிந்த வாசனை இருக்கிறதே, அது என்னை நேராக, அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கரிப்பெட்டி வைத்துத் தேய்த்த ஏழுமலையின் இஸ்திரி வண்டிக்கு இழுத்துப்போனது. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் மகள் லீவில் வந்தபோது, அவளுடைய வெள்ளைச் சட்டையை, தோளில் மாட்டும் பதவிப் பட்டையைக் கழற்றாமல் அவரிடம் கொடுத்துவிட்டேன். தங்கக் கோடுகளை எண்ணிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ரெண்டு கோடுதானா? என் மச்சான் போலீசுல மூணு பட்ட வச்சிகினு கீறான்!"

அது வேறு இது வேறு என்று விளக்கி எனக்குத் தொண்டை வறண்டது. அதன்பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் வண்டியடியில் கோட்டுக் கணக்குத்தான். ஒருமுறை இரண்டு கோட்டுக்கு நடுவே ஒல்லியாக இன்னொன்று முளைத்திருந்தது.

"இது இன்னா பாப்பா, அரை டிக்கெட்டா?"

"இதெல்லாம் வருஷம் ஆனா தானா வந்துடும்ணா. முழுசா மூணாவது வரணும்னா பதிமூணு வருஷம் ஆகும். நான்தான் பத்துலயே வந்துடுவேனே."

"அப்போ வேலைய அரையில வுட்டுட்டு வரப்போறியா? பேஜாரா இல்ல?"

எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புத்தான் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அவள் மட்டும் கொஞ்சம் சீக்கிரமே நிறுத்திக்கொண்டாள். அதை நான் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கவனித்தேன். இத்தனை வருடம் கழித்து!

பழியை ஏழுமலை மேல் போடலாம் என்றால் ஆளே இல்லை. வண்டி நின்ற இடத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பின் கேட். பள்ளி வயதில், காதில் இரண்டாவது துளை போடுவதற்கு மூன்று நாள் என் பின்னாலேயே சுற்றி அனுமதி கேட்ட என் மகளும் எப்போது காணாமல் போனாள் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். நான்கு நாளாக ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்துபோய், "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

பையைக் கீழே வைத்தாள்.

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா. அதான் கேக்கல."