டிக்கிக் கதவு சொன்ன சாட்சி

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அப்போது ஒரு பழைய கார் இருந்தது. வாங்கும்போதே அதற்கு என்னைவிட வயது அதிகம். அப்பா பேண்டேஜ் துணி வாங்கி ஊர் ஊராக மருந்துக்கடைகளுக்குப் போடுகிறவர். துணிக்கட்டுகள் எல்லாம் பின்பக்க டிக்கியில்தான் போகும். அந்த டிக்கிக் கதவை மேலே தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கம்பி உண்டு. மெக்கானிக்குகள் அதை ஷாக் என்பார்கள். உள்ளே அடைத்திருந்த காற்றெல்லாம் போய் இரண்டும் பெயருக்குத்தான் இருந்தன. அப்பாவோ எதையும் லேசில் மாற்றுகிற ஆளில்லை. ஒட்டடைக் கம்பை அளவாக அறுத்து, கதவுக்கு முட்டுக்கொடுத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பை ஒரு சாயங்காலம் நான் எடுத்துக்கொண்டு போனேன், பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் அடிக்க. மாங்காயும் விழவில்லை, எறிந்த கம்பும் கீழே வரவில்லை. மறுநாள் விடியலில் கம்பைத் தேடிச் சலித்த அம்மா, தூக்கிய கதவைத் தலையால் தாங்கிக்கொண்டே கட்டுகளை ஏற்றினாள். லேசாகத் தலையை நகர்த்தினாள், கதவு நெற்றியில் இறங்கிவிட்டது.

காயம் ஒரு விரற்கடை நீளம்தான். ஆனால் எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணிக்கா பஞ்சம்? அப்பா பதறிப்போய்த் தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியதில், பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள் மாதிரி ஆகிவிட்டாள் அம்மா. அந்தக் கோலத்தில்தான் மாமா அவளைப் பார்த்தார்.

மாமா, அம்மாவின் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ். அன்று மதியம் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தவர் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

"டிக்கிக் கதவு விழுந்துருச்சுண்ணே" என்றாள் அம்மா.

"ஸ்டேஷனுக்கு வாற பொம்பளைக அம்புட்டுப் பேரும் கதவு இடிச்சிருச்சுன்னுதான் சொல்லுதாக. நீ துணிமணிய எடுத்து வையி. நம்ம வீட்டுக்குப் போவோம்."

அப்பாவை எப்போதும் வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், அன்று அந்தப் பக்கமே திரும்பவில்லை. அப்பாவும் ரோஷக்காரர். நான் அடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதே கேவலம் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமா என்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்லு தாயி. பயப்படாத. அம்மாவுக்கு அடி எப்பிடிப் பட்டுச்சு?"

கம்பைத் திருடியவளைப் பிடிக்கத்தான் போலீஸ் மாமா வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதவு என்று ஆரம்பித்தால், கம்பு எங்கே என்று கேட்பார். வாயையே திறக்காமல் அழுதேன். மாமாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அப்பா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அம்மாதான் விடவில்லை. "வந்து கதவப் பாருண்ணே. பொறவு என்ன வேணாலும் பேசு" என்று அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கார் உச்சி வெயிலில் நின்றிருந்தது. மாமா கதவைத் தூக்கிவிட்டார். அது அசையாமல் நின்றது. வெயிலில் சூடேறினால் இற்றுப்போன ஷாக்கும் செத்த நேரம் தாங்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க விழுது?" என்றார் மாமா. குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. டிக்கிக்குள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டே, "இதப் போயி ஒரு சாக்குன்னு..." என்று ஆரம்பித்தார். கதவு மெதுவாக இறங்கத் தொடங்கி, பாதியில் வேகமெடுத்து, அவர் பின்மண்டையில் ணங்கென்று விழுந்தது.

மாமா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் நிமிர்ந்தவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எழுந்துபோய் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"விழத்தான் செய்யுது, மாப்பிள்ளை" என்றார்.

சாப்பிடக்கூட உட்காராமல் அப்பாவைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்ப் புது ஷாக் இரண்டு வாங்கி வந்தார். மாமா கதவைத் தலைக்குமேல் தாங்கி நிற்க, அப்பா சின்ன ஸ்குரூ டிரைவரால் கிளிப்பை நெம்பிப் பழையதைக் கழற்றினார். புதியதன் முனையைக் கதவிலிருந்த குமிழில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. மறுபக்கமும் அப்படியே.

"இப்ப விடுங்க மச்சான்" என்றார் அப்பா. மாமா வந்ததிலிருந்து அவர் பேசியது அதுதான் முதல்.

மாமா கதவை மூடி, திறந்து, ஒற்றை விரலால் லேசாகத் தூக்கினார். மீதி வேலையைக் கதவே பார்த்துக்கொண்டது. மெல்ல ஒரு பெருமூச்சு விட்டபடி எழுந்து, முழுசாகத் திறந்து, அப்படியே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆண்டாள் தேர் நகர்வதைப் பார்த்து வாய் பிளந்தவள்தான் நான். ஆனால் அதை இழுக்க ஊரே கூட வேண்டும், இதற்கு யாருமே வேண்டியிருக்கவில்லை. மாமாவும் மூடினார், திறந்தார், திரும்ப மூடினார், திறந்தார். அவருக்கும் என்னைப்போல ஆச்சரியம் அடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா ஏன் அழுதுகொண்டே சிரித்தார் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது. அப்பாவின் அந்தப் பார்வை புரிய இன்னும் நாளானது. கம்பை எடுத்த கோபத்தில்தான் என்னை அப்படிப் பார்த்தார் என்று அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். கம்பை எடுத்தது நான்தான் என்பது அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. கதவு என்று ஒரு வார்த்தை சொல்லித் தன்னைக் காப்பாற்றாத மகளைத்தான் அவர் அன்று பார்த்தார்.